கணினித் திறமையும் திரைப் பரீட்சையும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பரீட்சையில் மிகுதியான மார்க்கு வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதும், வறிய மாணாக்கருக்கு உதவிச் சம்பளம் அளிப்பதும் நமது சங்கம் ஆண்டுதோறும் செய்துவரும் நற்காரியங்கள். இவ்விரண்டுக்கும் நாம் கைக்கொண்டுள்ள அளவுகோல் மார்க்கு ஒன்றே. ஆதலின், அந்த மார்க்கு உண்மையில் எதனை அளக்கின்றது என்று விசாரிப்பது இச்சபைக்கு உரிய வேலையேயாகும். எல்லாப் பாடங்களையும் குறித்துப் பேச இன்று அவகாசமில்லை. ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உயர்தரப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் கணினித் திறமையை எவ்வாறு சோதிப்பது? காகிதத்தில் பேனாவைக் கொண்டு சோதிப்பதா, கணினித் திரையின் முன்னே அமர்த்திச் சோதிப்பதா? இதுவே நான் ஆராயப் புகுந்த விஷயம்.

தச்சு வேலை கற்ற ஒருவனைச் சோதிக்க விரும்பினால், "இழைப்புளி என்றால் என்ன? நான்கு வரிகளில் விடையளி" என்று கேட்டுவிட்டு அவனைத் தச்சன் என்று ஒப்புக்கொள்வோமா? ஒரு பலகையை அவன் கையில் கொடுத்து, இழைத்துக் காட்டும்படி சொல்வோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டார் அறிந்த பழமொழி. கணினி விஷயத்திலோ இப்பழமொழியை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். கணினி என்பது கருவி. அதனைக் கையாளுதல் கைத்தொழில். அத்தொழிலில் அறிவும் கையும் கூடி நடக்கவேண்டும். அங்ஙனமிருக்க, உலகில் பல இடங்களில் இப்பாடத்தின் பெரும்பகுதியைக் காகிதமும் பேனாவுமே இன்றளவும் சோதித்து வருகின்றன.

இது யோசனைக் குறைவினால் மட்டும் நேர்ந்ததன்று. திரைப் பரீட்சை நடத்துவது எளிய காரியமன்று என்பதை இங்கிலாந்து தேசத்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது. அத்தேசத்தார் இவ்விஷயத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று, கைவிட்டு, மறுபடியும் முயன்று வந்திருக்கின்றனர். பிறர் பட்ட பாட்டிலிருந்து பாடம் கற்பது சிக்கனமான கல்வியாதலால், அவர்களுடைய வரலாற்றை முதலிற் சுருங்கச் சொல்கிறேன்.

2000-க்குப் பிற்பட்ட முதற் பத்தாண்டுகளில், அங்கே 14 வயதுடைய மாணாக்கர் அனைவருக்கும் ஐ.சி.டி. என்னும் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ஒரு தேசியப் பரீட்சை ஏற்படுத்தத் தீர்மானித்தனர். பாடத்திட்டங்களையும் பட்டயங்களையும் மேற்பார்த்துவந்த கியூ.சி.ஏ. என்னும் ஸ்தாபனம் அதனைத் தயாரித்தது. அது முழுவதும் திரையிலேயே நிகழும் பரீட்சை. மாணாக்கன் முன்னே கற்பனையான ஓர் ஊரின் காரியங்கள் வைக்கப்படும். அவனுக்கு மின்னஞ்சல்கள் வரும். அவற்றைப் படித்து, வேண்டிய செய்திகளைத் தேடி, கணக்கு அட்டவணை அமைத்து, விளம்பரமோ அறிக்கையோ எழுதி, உரியவருக்கு அனுப்பவேண்டும். எந்தக் கம்பெனியின் மென்பொருளையும் சாராமல், பரீட்சைக்கென்றே சொல்லெழுதி முதலான கருவிகளைப் புதிதாய்ச் செய்து வைத்திருந்தனர்.

இதில் வியக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. மாணாக்கன் இறுதியில் ஒப்படைத்த தாளை மட்டுமன்றி, அதனைச் செய்துமுடிக்க அவன் சென்ற வழியையும் கணினியே குறித்துக்கொண்டு மார்க்கிடும்படி அமைத்தனர். எந்தச் செய்தியைத் திறந்தான், எதனைத் தள்ளினான், செய்த பிழையைத் திருத்தினானா என்பனவெல்லாம் பதிவாகும். பேனாப் பரீட்சையில் எந்தப் பரீட்சகரும் காணமுடியாத காட்சி இது.

2004-ம் ஆண்டு முதல் பள்ளிகளில் இதனை வெள்ளோட்டம் பார்த்தனர். 2008-ல் கட்டாயமாக்குவதாக எண்ணம். ஆனால் 2007-ம் ஆண்டிலேயே அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. செய்துவைத்த சோதனைப் பொருள்கள், உபாத்தியாயர்கள் தத்தம் வகுப்பில் விருப்பம்போற் பயன்படுத்திக்கொள்வதற்காக விடப்பட்டன. அத்தகைய பரீட்சைக்குள்ள இடர்கள் யாவை என்று பார்ப்போம். தேச முழுவதும் பள்ளிக்குப் பள்ளி கணினிகள் வெவ்வேறு. அவற்றை இணைக்கும் வலையமைப்பும் வெவ்வேறு. அத்தனை இடத்திலும் ஒரே மென்பொருள் தடையின்றி ஓடவேண்டும். அன்றியும், ஒரே முடிவுக்குப் பல நல்வழிகள் இருக்கக்கூடுமாதலின், சென்ற வழியை நோக்கி மார்க்கிடுவது மிக நுட்பமான வேலை. மாணாக்கர் தாம் நாள்தோறும் பழகிய கருவியை விட்டுப் பரீட்சைக்கென்று வேறொரு கருவியைப் பழகவேண்டியதும் ஒரு சுமை.

இது நிற்க. 2012-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் ராயல் சொஸைட்டி என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான சங்கம், பள்ளிகளில் கணினிக் கல்வியின் நிலைமையைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே மாதத்தில் கல்வி மந்திரியாயிருந்த மைக்கேல் கோவ், பழைய ஐ.சி.டி. பாடத்திட்டத்தை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். 2014 செப்டம்பர் முதல் 'கம்ப்யூட்டிங்' என்னும் புதிய பாடம் வந்தது. பிறர் செய்த மென்பொருளைப் பயன்படுத்தக் கற்பதோடு நில்லாமல், கணினிக்குத் தாமே கட்டளை எழுதக் கற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அக்கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம்.

நிரல் எழுதும் திறமையை எவ்வாறு அளப்பது? 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில், கணினி விஞ்ஞானப் பாடத்துக்கு 20 மணி நேரம் கொண்ட ஒரு வேலைத்திட்டத்தை வைத்தனர். மொத்த மார்க்கில் நூற்றுக்கு 20 பங்கு அதற்கு. மாணாக்கன் பள்ளியில், உபாத்தியாயரின் கண்காணிப்பில், கணினியின் முன்னிருந்து, ஒரு நிரலைத் திட்டமிட்டு, எழுதி, ஓட்டிப் பார்த்து, திருத்தி முடிக்கவேண்டும். யோசித்துப் பார்த்தால் இதைவிட நேர்மையான முறை இல்லை என்றே தோன்றும். தச்சனுக்குப் பலகையும் கொடுத்து, இழைக்கப் போதிய நேரமும் கொடுத்தது போலாயிற்று.

ஆனால் நடந்தது வேறு. 2017-ம் ஆண்டில் அந்த வேலைத்திட்டங்களின் கேள்விகளும், அவற்றுக்கான விடைகளுங்கூட, இணையத்தில் பகிரங்கமாயின. எவன் தானே எழுதினான், எவன் பார்த்தெழுதினான் என்று பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. பரீட்சைகளை மேற்பார்க்கும் ஆஃப்குவால் என்னும் அதிகார சபை, அவ்வேலைக்குரிய மார்க்கு 2018 முதல் கணக்கில் சேராதென்று தீர்மானித்தது. மாணாக்கர் 20 மணி நேர வேலையைச் செய்யவேண்டும். அதற்கு மார்க்கு மட்டும் கிடையாது. நாணயமாய் உழைத்த பிள்ளையின் உழைப்பும், களவாடியவனின் தாளும் ஒரே தட்டில் வைக்கப்பட்டு ஒதுக்கப்பட்டன. சிலர் செய்த குற்றத்துக்குப் பலர் பலன் இழந்தனர்.

பின்னர் 2020-ல் படிக்கத் தொடங்கி 2022-ல் பரீட்சை எழுதிய வகுப்பாருக்குப் புதிய ஏற்பாடு வந்தது. அதன்படி ஜி.சி.எஸ்.இ. கணினி விஞ்ஞானத்தில் முழு மார்க்கும் பரீட்சை மண்டபத்திலேயே நிர்ணயிக்கப்படும். இவ்விடத்தில் வழி இரண்டாகப் பிரிகின்றது. ஏ.க்யூ.ஏ., ஓ.சி.ஆர். என்னும் பரீட்சைச் சபைகள் நிரல் எழுதும் திறமையையும் 2022-ல் காகிதத்திலேயே சோதித்தன. பியர்சன் எடெக்ஸல் என்னும் சபையோ இரண்டாம் தாளை முழுவதும் திரையில் வைத்தது. அதற்கு 2 மணி நேரம், 75 மார்க்கு. மொத்தத்தில் பாதிப் பங்கு. பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதவேண்டும். சில கேள்விகளில் பிழையுள்ள நிரல் கொடுக்கப்படும். பிழையைக் கண்டு திருத்தவேண்டும். சிலவற்றில் குறையாய் நிற்கும் நிரலை நிறைவு செய்யவேண்டும். சிலவற்றில் தானே புதிதாய் எழுதவேண்டும். இணையத்தை அணுக முடியாது. ஆனால் மொழியின் கட்டளைகளை விளக்கும் ஒரு குறிப்பேடு கையில் இருக்கும்.

அதே தேசத்தில் 18 வயதில் எழுதும் ஏ-லெவல் பரீட்சைக்கு வந்தால், முற்கூறிய ஏ.க்யூ.ஏ. சபையே கணினி விஞ்ஞானத்தின் முதல் தாளை இரண்டரை மணி நேரத் திரைப் பரீட்சையாக நடத்துகின்றது. நிரலின் எலும்புக்கூடு போன்ற ஒரு பகுதியைப் பரீட்சைக்கு முன்னரே மாணாக்கருக்குக் கொடுத்துவிடுவர். அதனை முன்கூட்டியே ஆராய்ந்து பழகி வந்து, பரீட்சை நாளில் அதனை மாற்றியும் விரித்தும் எழுதவேண்டும்.

காகிதத்துக்கும் திரைக்கும் உள்ள வேற்றுமையை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். 1 முதல் 30 வரையுள்ள எண்களைக் கூட்டும் நிரலைப் பைத்தானில் எழுதும்படி ஒரு பையனிடம் சொல்கிறோம். அம்மொழியில் 'ரேஞ்ச்' என்றொரு கட்டளை உண்டு. அதற்கு 1, 30 என்று எல்லை கொடுத்தால், அது 30-ஐச் சேர்க்காமல் 29-லேயே நின்றுவிடும். இது புதிதாய்க் கற்போர் பலரும் தவறும் இடம். காகிதத்தில் எழுதும் பையன் 1, 30 என்று எழுதிவிட்டு, சரியாய்ச் செய்தோம் என்ற திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். திரையில் எழுதும் பையனோ நிரலை ஓட்டிப் பார்க்கிறான். விடை 435 என்று வருகின்றது. கையினாற் கூட்டினால் 465 வரவேண்டும். குறைவது 30. எங்கே போயிற்று அந்த 30 என்று தேடுகிறான், காண்கிறான், எல்லையை 31 என்று திருத்துகிறான். தொழிலில் இறங்கிய பின் நாள்முழுதும் செய்யவேண்டிய வேலை இந்தத் தேடலும் திருத்தலுமே. காகிதம் இவ்விரண்டு பிள்ளைகளில் முதல்வனையே அறியும்; இரண்டாமவனிடம் இருக்கும் திறமையைக் காண அதற்குக் கண்ணில்லை.

இனி, திரைப் பரீட்சைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களைப் பார்ப்போம். அவற்றை அலட்சியஞ் செய்யலாகாது.

முதலாவது, கணினி நடுவில் நின்றுபோனால் என்செய்வது என்பது. பேனா ஒடிந்தால் வேறு பேனா உண்டு. அதுபோலவே உபரிக் கணினிகள் ஆயத்தமாய் இருக்கவேண்டும்; எழுதியது அடிக்கடி பதிவாகவேண்டும்; கண்காணிப்பாளரோடு கணினி அறிந்த ஒருவரும் மண்டபத்தில் நிற்கவேண்டும்; இழந்த நேரத்தை மாணாக்கனுக்குத் திருப்பித் தரவேண்டும். இவை செலவும் ஏற்பாடும் வேண்டுவன, ஆயினும் செய்யத்தக்கன.

இரண்டாவது, பக்கத்துத் திரை கண்ணுக்கு நேரே தெரிவது. காகிதம் மேசையிற் படுத்திருக்கிறது. திரை நிமிர்ந்து நிற்கிறது. ஆதலால் இருக்கைகளை இடைவெளி விட்டோ, தடுப்பு வைத்தோ அமைக்கவேண்டும். இடம் போதாத பள்ளியில் மாணாக்கரைப் பிரிவு பிரிவாக அழைக்க நேரும். முதற் பிரிவார் வெளியே வந்து கேள்வியைச் சொல்லிவிடாதபடி காக்கவும் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. வீட்டிற் கணினியுள்ள பிள்ளையும், பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் வேறிருவரோடு பங்கிட்டுக்கொண்டு, கணினியைத் தொட்ட பிள்ளையும் ஒரே மண்டபத்தில் அமர்கின்றனர். முதற் பிள்ளையின் விரல்கள் விசைப்பலகையில் ஓடுகின்றன. இரண்டாம் பிள்ளை எழுத்தைத் தேடித் தேடி அழுத்துகிறது. அறிவில் இருவரும் சமமாயினும் மார்க்கில் சமமாகார். அவ்வாறாயின் அந்தப் பரீட்சை திறமையை அளப்பதாகுமா, வீட்டின் செல்வத்தை அளப்பதாகுமா? இக்கேள்விக்கு மண்டபத்தில் விடையில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில்தான் விடை உண்டு. ஏழைப் பிள்ளைக்கும் போதிய கணினி நேரம் கொடுத்த பிறகே திரைப் பரீட்சை நியாயமாகும். கருவியைக் கண்ணிற் காட்டாமல் வைத்திருந்து, பரீட்சை நாளில் மட்டும் கையிற் கொடுப்பது கல்வியாகாது, அது தண்டனை.

அதற்காகக் காகிதப் பரீட்சையே நியாயமென்று கருதிவிடலாகாது. காகிதம் அந்த ஏற்றத்தாழ்வை மறைக்கின்றது; நீக்குவதில்லை. கணினியைத் தொடாத பிள்ளை விடைகளை மனப்பாடஞ் செய்து மார்க்கு வாங்கிவிடலாம். ஆனால் உத்தியோகத்துக்குப் போன முதல் நாளில் அந்த மறைப்பு கலைந்துவிடும். அப்பொழுது உதவ உபாத்தியாயரும் அருகில் இரார், சங்கமும் அருகில் இராது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். "என் பிள்ளைக்குக் கைபேசியில் தெரியாததே இல்லை, கணினியில் அவனுக்கு என்ன சோதனை வேண்டும்?" என்று பெற்றோர் பலர் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஐ.இ.ஏ. என்னும் சர்வதேசக் கல்வி ஸ்தாபனம் ஐ.சி.ஐ.எல்.எஸ். என்ற ஆராய்ச்சியை 2013, 2018, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடத்தியது. எட்டாம் வகுப்பு மாணாக்கரைக் கணினியின் முன் அமர்த்தி, ஒரு விளம்பரத் தாளையோ இணையப் பக்கத்தையோ தயாரிக்கச் செய்து, செய்தியை ஆராயும் அறிவையும், அதனைப் பிறருக்கு விளங்கும்படி அமைக்கும் ஆற்றலையும் அளந்தனர். 2023-ம் ஆண்டுச் சோதனையில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகளில், சராசரியாக நூற்றுக்கு 43 பேர் அடிப்படைத் தரத்தையும் எட்டவில்லை. கைபேசியும் கணினியும் நிறைந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். திரையைத் தடவி விளையாடுதல் வேறு; கண்ட செய்தி மெய்யோ பொய்யோ என்று நிதானித்து, வேண்டியதைத் தெரிந்து, ஒழுங்குபடுத்தி வேலை முடித்தல் வேறு. இந்த வேற்றுமையை வெளிப்படுத்தியது திரைப் பரீட்சையே.

அந்த ஆராய்ச்சி தாய்மார்கள் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியையும் தருகின்றது. மூன்று தடவையும் சராசரியில் பெண்பிள்ளைகளே ஆண்பிள்ளைகளை முந்தி நின்றனர். ஆயினும் இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. கணினி விஞ்ஞானம் எடுப்போரில் பெண்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. பழைய ஐ.சி.டி. பாடத்தில் பெண்களின் பங்கு இதனினும் மிக அதிகமாயிருந்தது, அப்பாடத்துக்குரிய ஜி.சி.எஸ்.இ. நிறுத்தப்பட்டது. எதனைச் சோதிக்கிறோமோ அதுவே கற்பிக்கப்படும். எதனைச் சோதிக்காமல் விடுகிறோமோ அது வகுப்பிலிருந்து மெல்ல மறையும். அதனோடு அதனை விரும்பிக் கற்றவர்களும் மறைவார்கள். ஆதலின் பரீட்சையின் உருவத்தைத் தீர்மானிப்பவர்கள், யார் உள்ளே வருவார், யார் வெளியே நிற்பார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள்.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் கணினிக்கென்று தனிப் பாடம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தோருக்கு 100 மார்க்கில் 70 எழுத்துப் பரீட்சைக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. கணினியைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கே மதிப்பு. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. மாணாக்கர் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கணினியின் முன் அமர்ந்தே பரீட்சை எழுதுகின்றனர். விலையில்லாமற் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளையே அங்குள்ள பள்ளிகள் கைக்கொண்டிருக்கின்றன. செல்வம் கொழிக்கும் தேசங்களுக்கே திரைப் பரீட்சை கைகூடும் என்பாருக்கு இது தக்க விடை.

பரீட்சை முறையை மாற்றுவது சர்க்காரின் கையில் உள்ளது. ஆனால் நம் கையிலும் சில காரியங்கள் உண்டு. அவற்றை இச்சபையின் யோசனைக்கு வைக்கிறேன்.

பெற்றோர் ஒவ்வொருவரும் தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் விசைப்பலகையின் முன் அமர்கிறது? ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளைகள்? தான் எழுதிய நிரலைத் தானே ஓட்டி, தன் பிழையைத் தானே திருத்த அதற்கு நேரம் கொடுக்கப்படுகின்றதா? கேட்பார் இருந்தால் பூட்டிக் கிடக்கும் கணினி அறை திறக்கும்.

சங்கத்தார், பரிசுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சில கணினிகள் வாங்கி, சங்கக் கட்டிடத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கலாம். வீட்டில் கணினியில்லாத பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரம் குறித்தால், தாய்மார்கள் தயக்கமின்றி அனுப்புவார்கள். உதவிச் சம்பளம் கோரும் மாணாக்கரிடம் மார்க்குப் பட்டியலை மட்டும் வாங்காமல், அரை மணி நேரம் கணினியின் முன் அமர்த்தி, ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் பழகுவதற்கு இடங்கொடுத்து ஓராண்டு கழிந்த பின்னரே அவ்வாறு சோதிக்கவேண்டும். பழக்கத்துக்கு முன்னே சோதனை வைப்பது நியாயமாகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். திரையில் பிழை தோன்றினால் வெட்கப்படாதீர்கள். 435 என்று வந்ததைப் பார்த்து, "இது ஏன் 465 ஆகவில்லை?" என்று கேட்கும் பிள்ளையே கற்கிறது. இங்கிலாந்தில் இணையத்திலிருந்து விடையை எடுத்து எழுதியவர்கள் 20 மணி நேரத்தை இழந்தார்கள். அதோடு, தேடித் திருத்தும் அந்தப் பழக்கத்தையும் இழந்தார்கள். இன்று செயற்கை அறிவு கொண்ட கருவிகள் கேட்ட மாத்திரத்தில் நிரலை எழுதித் தருகின்றன. அது சரியா தவறா என்று நிதானிக்க உங்கள் அறிவன்றி வேறு துணையில்லை. அந்த அறிவு தானே எழுதி, தானே தவறி, தானே திருத்தியவனுக்கே வரும்.

சுருங்கக் கூறின், தொழிலை அத்தொழிலின் கருவியைக் கொண்டே சோதிக்கவேண்டும்; சோதிக்குமுன் அக்கருவியை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாய்க் கொடுக்கவேண்டும். முதலாவதைச் சர்க்கார் செய்யட்டும். இரண்டாவதைச் செய்ய நாம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டுவதில்லை.